ரீஸ்டிக் குதிரை

“குதிரை ப்ரீச்சியா, அதாவது வேலி உடைக்குமான்னு கேட்டே, இல்லேன்னேன். கடிக்குமான்னு கேட்டே...”

“நிறுத்துய்யா! மழை வருது, புல்லு வண்டியோட பாதி மேட்டுல நிக்குது நீ வித்த குதிரை!”

யார்க்‌ஷயர் மலைச்சரிவில் தர்ஸாவும் ஜேபஸும் கத்திக்கொண்டிருந்தார்கள். போன சந்தையில் குதிரையைத் தர்ஸாவுக்கு விற்றவன் ஜேபஸ்தான். வருகிற ஞாயிறு இருவருக்கும் கல்யாணம்.

“அது ரீஸ்டி. மேட்டைக் கண்டா நின்னுடும். பேர் சொல்லிக் கேட்ட குத்தத்துக்குத்தான் விக்கிறவன் பதில் சொல்லணும், அதுதானே நம்ம சந்தை வழக்கம்? நீ ரீஸ்டியான்னு கேக்கவே இல்லையே!” தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிச் சிரித்தான்.

“கட்டிக்கப்போறவகிட்டயுமா?”

“சந்தைக்குள்ள வந்துட்டா நீயும் வாங்க வந்தவதானே, தர்ஸா.”

காய்ந்த புல்லின்மேல் முதல் தூறல் விழுந்தது. வரப்போகும் குளிர்காலம் முழுக்க அவள் மாடுகளுக்கு இருந்த ஒரே தீனி அதுதான். குதிரையை அவிழ்த்து, கயிற்றை அவன் கையில் திணித்தாள்.

“சரி, வழக்கப்படியே கேக்கறேன். நீ கடிப்பியா? உதைப்பியா? ப்ரீச்சியா? பாரத்தைக் கண்டா நடுவழியில நிக்கிற ரீஸ்டியா? ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லுய்யா, ஞாயித்துக்கிழமையைப் பத்தி அப்புறம் யோசிக்கறேன்.”