ப்ரூனின் வாசற்படி

எங்கள் அகதி முகாம், நூறு வருடங்களுக்கு முன் ப்ரூன் என்ற கட்டடக்கலைஞர் தனக்கெனக் கட்டிய வீடு. நாற்பது வருடம் ஊர் ஊராகத் தேவாலயங்களும் ரயில் நிலையங்களும் கட்டிய மனிதர், ஓரிடத்திலும் தன் பெயரைப் பொறிக்கவில்லையாம். இந்த வாசற்படியில் மட்டும்தான். காவலாளி யென்ஸ் அதைச் சொல்லாத நாளில்லை.

1986 மாசியில் எனக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. பிள்ளையாருக்கு நேர்ந்திருந்த தேங்காயை, சுற்றிலும் பனி மூடியிருந்ததால், அந்தப் படியிலேயே ஓங்கி அடித்தேன். தேங்காயோடு கல்லும் பிளந்தது, பெயரின் நடுவே.

மறுநாள் யென்ஸ் குனிந்து வெடிப்பைத் தடவினார்.

"நூறு குளிர்காலம் தாங்கின கல். இந்த வருசக் குளிர் உடைச்சுப்போட்டுது."

"ஓம், பொல்லாத குளிர்," என்றேன்.

நான் கொடுத்த தேங்காய்ச் சொட்டுத் துண்டை அவர் மென்றுகொண்டிருந்தார்.