குமட்டாமல் துடுப்பு வலிப்பது எப்படி

1

இந்தக் கதை யோசித்து எழுதியதல்ல, எட்டிப் பார்த்து எழுதியது. என் சமையலறை ஜன்னலுக்கு எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம், முதல் மாடியில் ஒரு ஜிம் இருக்கிறது. கண்ணாடியால் சுவர் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அப்படிக் கட்டினால் அக்கம்பக்கம் பார்க்கத்தான் செய்யும். அது என் குற்றமல்ல.

அங்கே வரிசையாகத் துடுப்பு மெஷின்கள். தண்ணீரும் இல்லை, படகும் இல்லை. சறுக்குகிற இருக்கையில் உட்கார்ந்து, காலால் உதைத்து, ஒரு கைப்பிடியை வயிற்றை நோக்கி இழுக்க வேண்டும். ஆயிரம் மீட்டர் இழுத்தாலும் உட்கார்ந்த இடத்திலேயேதான் இருப்பார்கள். போன வருடம் அந்த மெஷின் ஒன்றிலிருந்து ஒருவர் தள்ளாடி எழுந்து, குடை வைக்கிற தொட்டிக்குள் வாந்தி எடுத்தார். பார்த்தால் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர். வாந்தி மாத்திரை விற்கிறவரே வாந்தி எடுப்பதைப் பார்த்த பிறகு எனக்கு எப்படிக் கை சும்மா இருக்கும்?

2

தொடக்கம் ஒன்று: "மனிதனின் வயிறு ஒரு கடல், அதன் அலைகள்..." (வேண்டாம். படிக்கிறவர்களுக்கும் குமட்டும்.)

தொடக்கம் இரண்டு: "அன்று காலையிலிருந்தே அவருக்கு மனசு சரியில்லை..." (பொய். நன்றாகத்தான் இருந்தார். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த ஜிம்மில் வருடத்துக்கு ஒருமுறை ஜோடிப் போட்டி நடக்கும். ஒருவர் இழுத்து முடித்ததும் ஜோடி தொடர வேண்டும். மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவி கணக்கு டீச்சரும் கல்யாணமான நாளிலிருந்து எதையும் சேர்ந்தே செய்கிறவர்கள். போன வருடம் டீச்சர் எல்லோரையும் முந்திக் கொண்டுவந்து கொடுத்ததை இவர் குடைத்தொட்டியில் கொட்டினார். இந்த வருடம் டீச்சர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை, இவரும் டீச்சரின் தம்பியும் பக்கத்துப் பக்கத்து மெஷினில். இவர் குமட்டாமல் முடித்தால் இவர்தான் ஜோடி, மெதுவாக முடித்தாலும் சரி. குமட்டினால் தம்பி.

ஜோடி என்ற சொல்லில் இருந்து ஒரு மனிதரைக் கழற்றி, அங்கே மைத்துனனை மாட்டுவது சின்ன விஷயமா? அவருக்கு இல்லை. தொட்டியைக் கழுவி வைக்கட்டுமா மாமா என்று அந்த மைத்துனன் வேறு தினமும் கேட்கிறானாம்.

3

இந்த இடத்தில் கதை கொஞ்சம் கட்டுரையாகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடைக்காரர் பார்க்காத வைத்தியமில்லை. வெறும் வயிற்றோடு இழுத்தார். கண்ணில் பூச்சி பறந்தது. தன் கடை மாத்திரையையே போட்டுக்கொண்டு இழுத்தார். பாதியில் கொட்டாவி வந்தது. இஞ்சி மிட்டாய் தின்றார், எலுமிச்சையை முகர்ந்தார். கடைசியில்தான் வழிக்கு வந்து ஜிம் கோச்சிடம் கேட்டார். கோச் சொன்னது சாதாரணம்: இரண்டு மூன்று மணி நேரம் முன்னாலேயே லேசாகச் சாப்பிடு. தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்காதே. இடுப்பு நாடாவைத் தளர்த்து. இழுக்கும்போது மூச்சை விடு, அடக்காதே. முடித்ததும் சட்டென்று நிறுத்தாமல் கொஞ்ச நேரம் மெல்ல இழு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆரம்பத்தில் பாயாதே. முதல் பாதியை அடக்கி இழு.*

* கடுமையாக உழைக்கும்போது ரத்தமெல்லாம் கைகால் பக்கம் ஓடிவிடும். வயிற்றைக் கேட்பாரில்லை. கேட்பாரற்ற வயிறு, உள்ளே வந்ததை வந்த வழியே அனுப்பி வைக்கும். (இதுவும் கோச் சொன்னதுதான். "கேட்பாரற்ற" மட்டும் என் சரக்கு.)

மற்ற எல்லாவற்றையும் மருந்துக்கடைக்காரர் கேட்டுக்கொண்டார். கடைசி ஒன்றை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. இங்கேதான் என் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

4

தலைவலி என்று சொல்லிக்கொண்டு கடைக்குப் போனேன். (தலைவலி இல்லை. கதைக்கு விஷயம் தேவைப்பட்டது.) அவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

"போன தடவ முதல் பாதி பாத்தீங்கல்ல? என் பக்கத்துல ஒருத்தன் வர முடிஞ்சுதா?"

பார்த்தேன் என்றேன். இரண்டாவது பாதியைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை.

"எங்களப் பத்தி எழுதுறீங்களாமே. வாந்தியும் இருக்கட்டும், பரவாயில்ல. உயிரக் கொடுத்து இழுத்தான், ஒடம்பு ஒத்துழைக்கலன்னு எழுதுங்க. அதுல ஒரு கௌரவம் இருக்கு. மெதுவா இழுத்து அந்தப் பயலுக்குப் பின்னால வந்தேன்னு மட்டும் எழுதிடாதீங்க."

ஆக, அவருக்கு வாந்தி ஒரு வியாதியல்ல, வக்கீல். தோற்றால் வந்து வாதாடும்.

சிரித்துக்கொண்டே வீடு வந்தேன். குமட்டாத மருந்துக்கடைக்காரரை வைத்துக்கொண்டு நான் என்ன கதை எழுத? அவருக்கும் எனக்கும் வேண்டியது ஒரே முடிவுதான்.

5

சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"இங்கேருந்து எங்க வீட்டுக்காரர் நல்லாத் தெரியுறாரா?"

பாத்திரம் கழுவும்போது தற்செயலாகக் கண்ணில் படும் என்று சமாளித்தேன்.

"நிறையப் பாத்திரம் போல." எதிரே விரலை நீட்டினார். "கண்ணாடி ஓரத்து மெஷினத்தான் எப்பவும் பிடிக்கிறாரு. ஏன்னு நெனைக்கிறீங்க? காலையில ஆளில்லாதப்ப நானும் அவரும் மட்டும் இழுப்போம். ஒருநாள்கூடக் குமட்டினதில்ல. யாராவது பாத்தாத்தான் ஆரம்பத்துலயே பாயுறாரு."

நான் கழுவிய பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவினேன்.

"நாளைக்கு மத்தியானம் ஜிம்முல வேற யாரும் இருக்க மாட்டாங்க. கோச்சுகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். தம்பி வாயையும் அடைச்சாச்சு. மிச்சம் நீங்க ஒருத்தர்தான். எனக்குத் தம்பிகூட இறங்க இஷ்டமில்லங்க. அவர்கூட இறங்கித் தோத்தாலும் பரவாயில்ல. இத அவர்கிட்டச் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு."

6

முடிவு அ: அவர் பாய்கிறார், முந்துகிறார், கொட்டுகிறார். தெரு சிரிக்கிறது. நல்ல கதை.

முடிவு ஆ: அவர் அடக்கி இழுக்கிறார். மைத்துனன் முந்திப் போகிறான். போகட்டும் என்று விட்டுவிட்டு அவர் ஒரே சீராக இழுத்து முடித்து, முகம் துடைத்து... (இதற்கு மேல் எழுத வரவில்லை. சந்தோஷமான குடும்பத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?)

முடிவு இ: இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எதிரே மூன்று பேர் ஏறி வந்துவிட்டார்கள். டீச்சர் சுவர் ஓரமாக நிற்கிறார். மைத்துனன் அதிசயமாக வாய் திறக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் கால்பட்டையை இறுக்கிக் கைப்பிடியைப் பிடித்துவிட்டு, முதல் இழுப்புக்கு முன்னால் சந்தின் இந்தப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்.

அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்துவிட்டேன். எழுதுகிறவளாக நான் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான். இதனால் என் கதை கெட்டது. அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஆனால் நீங்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், கைப்பிடியைப் பிடித்தபடி, யாராவது நிற்கிறார்களா என்று. அவர் எப்படி இழுக்க வேண்டும் என்பதை இனி நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஜன்னலை விட்டு நகருங்கள்.