வடித்துக் கொட்டிய சேதி

கழிவுக் குடுவையில் கிருமி கொல்லும் ப்ளீச்சை ஊற்றிய பிறகுதான் ஹம்சினிக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. சென்ட்ரிஃப்யூஜ் என்னும் சுழற்றும் மெஷினிலிருந்து குழாயை எடுத்ததும் அடியில் படிந்த பாக்டீரியாவை வைத்துக்கொண்டு, மேலே தெளிந்த நீரைக் கொட்டிவிடுவது மூன்று வருடக் கைப்பழக்கம். இன்றைக்கு வேண்டியிருந்ததோ அந்த நீர்தான்.

அவளுடைய பாக்டீரியாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். முதலில் நீளமாக ஒரு புரதத்தைச் செய்யும். அது செல்லைவிட்டு வெளியேறும்போது ஒரு நொதி அதை நறுக்கிச் சின்னத் துண்டாக விடும். அந்தத் துண்டுதான், பெப்டைடுதான், அக்கம்பக்கத்துக்குச் சேதி. நறுக்கும் நொதி இல்லாத வகை ஒன்றை ஹம்சினி உண்டாக்கியிருந்தாள். அது ஊமை, ஆனால் செவிடில்லை. சேதி கேட்டால் ஒளிரும்படி அதைச் செய்திருந்தாள்; மற்றவற்றின் சேதி மிதக்கும் நீரை ஊற்றினால் ஒளிர வேண்டும். நாலு மணிக்கு ஆராய்ச்சியை மதிப்பிடும் குழுவின் முன்னால் ஒளிராவிட்டால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றச் சொல்லிவிடுவார்கள் என்று எல்லாரும் வங்காள வழக்கப்படி அக்கா என்ற பொருளில் தீப்தி-தி என்று கூப்பிடும் வழிகாட்டி எச்சரித்திருந்தார். புதிதாக வளர்க்க நேரமில்லை.

"என்ன ஹம்சினி, இஞ்சி தின்ன மாதிரி மூஞ்சி?"

ஷ்யாம். வங்காளத்திலேயே, சாந்த்ராகாச்சி ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழ்ப் பையன், அடுத்த மேஜை. திங்கட்கிழமை அவளுடைய குழாய்கள் சுழன்றுகொண்டிருக்கையில் மெஷினை நிறுத்தியதற்கு, எல்லார் எதிரிலும் அவனைக் காட்டான் என்று திட்டியிருந்தாள். அதற்குப் பின் பேச்சில்லை.

"மேல் தண்ணிய கொட்டிட்டேன்டா."

"அடிப்பாவி! தபால்காரன பத்திரமா வச்சுக்கிட்டு, தபால சிங்க்குல விட்டுட்டியா?"

முட்டிக்கொண்டு வந்த அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் குளிர்பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தான். அவள் கொட்டியதே போன்ற நீர். பெப்டைடைப் பிரித்தெடுக்க அவன் இரண்டு நாளாக வளர்த்து வடிகட்டியது.

"இது உன்னோடது. பாதி போதும்," என்றாள் ஹம்சினி.

"மீதி பாதிய வச்சுக்கிட்டு நான் வாயா கொப்புளிக்கறது? முழுசா எடுத்துக்கோ. நான் மறுபடி வளத்துக்கறேன்."

"திங்கக்கிழமை நான் உன்னை..."

"காட்டான்னு திட்டின. மன்னிப்பு கேக்கறத நாலு மணிக்கப்புறம் வச்சுக்கலாம். இப்ப பிப்பெட்ட எடு."

கேட்க வாய் வராதவளுக்குத் தெய்வம் இப்படித்தான் ஆள் அனுப்பும் போலிருக்கிறது, அதுவும் நாம் திட்டிய ஆளையே பார்த்து.

நாலு மணி. ஜன்னலில்லாத அறையில் தீப்தி-தியும் குழுவினர் இருவரும் நெருக்கியடித்து நின்றார்கள். ஷ்யாமும் எப்படியோ உள்ளே நுழைந்திருந்தான். விளக்கை அணைத்தார்கள். மேஜையில் ஊமை பாக்டீரியா போட்ட இரண்டு குழாய்கள்; இடப்பக்கத்ததில் வெறும் ஊட்டநீர், வலப்பக்கத்ததில் ஷ்யாமின் நீர். ஒன்றும் தெரியவில்லை. யாரோ இருமினார்கள். ஹம்சினி மனதுக்குள் கந்தனைக் கூப்பிட்டாள்.

"கீ ரே, ஹொச்சே?" ஆகிறதா என்று தீப்தி-தியின் குரல் வங்காளத்தில் கேட்டது.

"கண்ணு பழகட்டும், தீப்தி-தி," என்றாள் ஹம்சினி.

யாரும் அசையவில்லை. பிறகு வலப்பக்கக் குழாயைச் சுற்றி, இருக்கிறதா இல்லையா என்னும்படி, ஒரு நீலம். அந்த வெளிச்சத்தில், குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஷ்யாமின் மூக்கு நுனி மட்டும் மெல்லத் தெரிய ஆரம்பித்தது.