எங்கள் சங்கத்துப் புரட்சியும் என் மனைவியின் வருகையும்

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத் தமிழர் சங்கத்தில் நடந்த புரட்சி இருபது நிமிடம் நீடித்தது. மூன்று வருடமாகத் தலைவராக இருந்த பரமானந்தம் மைக்கை விடமாட்டேன் என்றார், பிடுங்கினார்கள், அவ்வளவுதான். ஜனநாயகம் மலர்ந்த மகிழ்ச்சியில் எல்லோரும் கோப்பி குடித்தோம். கோப்பி ஆறுவதற்குள், முதலில் பிடுங்கியது யார் என்று புரட்சியாளர்கள் அடித்துக்கொண்டு இரண்டாகப் பிரிந்தார்கள். மைக் கோணேசன் அணிக்குப் போனது. ஒலிபெருக்கிப் பெட்டி குணசேகரம் அணிக்குப் போனது. அன்றிலிருந்து இரண்டு அணியும் தொண்டை கிழியக் கத்தித்தான் கூட்டம் நடத்துகின்றன. அணிக்கு எட்டுப் பேர். எதிலும் சேராத மடையன் நான் ஒருவன்தான்.

எனக்கு வேறு கவலை. என் மனைவி ஞானேஸ்வரியின் விண்ணப்பம் இரண்டு வருடமாக டென்மார்க் நீதி அமைச்சில் தூங்கியது. எங்கள் எல்லோருடைய மனைவிமாரின் காகிதங்களும் அப்படித்தான் கிடந்தன. அவர்களோ ஊரில் ஆமிக்காரரின் சுற்றிவளைப்புகளுக்கும் சோதனைகளுக்கும் நடுவே காத்துக் கிடந்தார்கள். எண்பத்தொன்பதின் கடைசியில் ஒருவழியாக விசா கிடைத்தது. விமான நிலையக் கதவைத் திறந்து வரும்போது அவள் முதலில் காண்பது என் முகமாக இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை.

என்னிடம் கார் இல்லாததால் கோணேசனிடம் கேட்டேன். அது குணசேகரத்தின் காதுக்கும் போய்விட்டது. எங்கள் மனைவிமாரில் ஹேர்னிங்குக்கு முதலில் வந்து சேர்பவள் அவள்தான். வரவேற்ற அணிக்குப் பெருமை அல்லவா! பிலுண்ட் விமான நிலையத்தில் இரண்டு மாலை, இரண்டு வான் வண்டி, பதினாறு பேர்.

"அவ எங்கட வானிலதான் வாறா," என்றார் கோணேசன்.

"ஆர் சொன்னது? வோட்டெடுப்பம்!" என்றார் குணசேகரம்.

டென்மார்க்கில் நாங்கள் ஒழுங்காகப் பழகிய ஒரே வேலை அது. மூன்று பேர் கூடினால் கையை உயர்த்தி வாக்கெடுப்போம்.

"தேவராசா, ரெண்டு பக்கமும் எட்டெட்டு. உம்மடை வோட்டிலைதான் எல்லாம் கிடக்கு," என்று கோணேசன் என்னைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினார்.

"என்ரை மனுசியைக் கூட்டிக்கொண்டு போக நான் வோட்டுப் போடவோ?"

"சனநாயகம் எண்டால் அப்பிடித்தான். எங்கட வானுக்கு ஆதரவான ஆக்கள் கையை உயர்த்துங்கோ!"

எட்டுக் கைகள் எழுந்தன. அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவு திறந்தது. ஞானேஸ்வரி! நன்றாக மெலிந்திருந்தாள். என்னை மறந்து இரண்டு கைகளையும் தூக்கினேன்.

"ஒன்பது!" என்று துள்ளினார் கோணேசன்.

"ரெண்டு கை தூக்கினால் செல்லாத வோட்டு!" என்று பாய்ந்தார் குணசேகரம்.

ஞானேஸ்வரி எங்களைப் பார்த்தாள். கையைத் தூக்கியபடி ஒரு கூட்டம் தமிழ் ஆண்கள், அதில் அவளுடைய புருசன். அவள் பையைக் கீழே போட்டுவிட்டுத் தானும் இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"அவ அங்கத்தவர் இல்லை," என்று யாரோ தொடங்கினார்கள். எட்டுக் கைகளும் ஒவ்வொன்றாக இறங்கின.

நான் ஓடினேன். "இஞ்சை ஆமி இல்லையப்பா. கையை இறக்கும்."

"அப்ப நீங்கள் ஏன் தூக்கிக்கொண்டு நிண்டனீங்கள்?"

"உம்மைக் கண்டிட்டன்," என்றேன். அழுகை வந்துவிட்டது. அவள் கைகள் இன்னும் மேலேதான் நின்றன. நான்தான் ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கினேன்.