பிரேக் விளக்கும் சவரிமுத்துவின் வலது கையும்

எர்த் சரியில்லாத வண்டியில் கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வேறு வழி தேடும். எங்கள் பக்கத்தில் அது வண்டிக்காரரின் சொந்தக்காரர் யாராவது ஒருவர் வழியாகத் திரும்பும். அதனால் நிலக்கோட்டைச் சாலையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் நான், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே குடும்பத்தை விசாரித்துவிடுவேன். போன மாதம் ஒரு மினி லாரியில் ஹாரன் அடித்தால் தேனியில் ஒரு கொழுந்தியாளுக்கு விக்கல் எடுத்தது. ஒரு போல்ட்டை முடுக்கியதும் நின்றுவிட்டது. பாவம், அதற்குள் அவர் எட்டு நாளாகத் தண்ணீர் குடித்து ஓய்ந்துபோயிருந்தார்.

யாகப்பன் தன் பழைய பிக்கப்பைப் புதன்கிழமை கொண்டுவந்தார். இருபத்தைந்து வருடத்து வண்டி. மல்லிகைப்பூ ஏற்றிப் பழகியதால் டீசல் வாடைக்கு நடுவிலும் கொஞ்சம் மணக்கும். பிரேக்கை மிதித்தால் ஹெட்லைட் மங்கியது, வைப்பர் பாதி எழுந்து படுத்தது. வெள்ளிக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. காட்ட வேண்டும், அந்தத் தகுதிச் சான்று கிடைக்காவிட்டால் வண்டியை ரோட்டில் இறக்க முடியாது என்றார்.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை சேஸிலும் வைத்து, பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். முள் அசையவே கூடாது. மூன்று வோல்ட் காட்டியது.

"வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆகுதா?" என்று கேட்டேன்.

அவர் மனைவிக்கு ஒன்றுமில்லை. திருப்பூரில் இருக்கும் மகனைப் போனில் பிடித்தோம். நாங்கள் பிரேக்கை மிதித்த நேரத்தில் அவன் நிம்மதியாக இட்லி தின்றுகொண்டிருந்தான்.

"வேற யாரு?"

"வேற யாரும் இல்ல தங்கச்சி."

இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வேற யாரும் இல்லை என்று சொல்கிறவருக்குக் கட்டாயம் ஒருவர் இருப்பார். மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

"அண்ணன் ஒருத்தர் இருக்காரு. பேச்சுவார்த்தை இல்ல. பதினோரு வருசமாச்சு."

மகன் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பாவின் பெயர் தாய்மாமன் பெயருக்குக் கீழே போய்விட்டது. அச்சகத்துக்குப் பெயர்களை எழுதிக் கொடுத்தவர் யாகப்பனேதான். அண்ணன் பத்திரிகையை வாங்கினார், ஒருமுறை படித்தார், அதோடு சரி.

"ஆனா இப்ப ஆறு மாசமா மனசு இளகிட்டாரு" என்றார் யாகப்பன். "காலைல அவரு கடை முன்னாடி வேகத்தடையில பிரேக் போடுவேன்ல, அப்ப எனக்குக் கை காட்டுறாரு. நானும் காட்டுறேன். பேசல. ஆனா காட்டுறாரு."

சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு மீட்டரைப் பார்த்தார். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் சோதித்துத்தானே ஆக வேண்டும்.

அவரை வண்டியில் உட்காரவைத்துவிட்டு ஸ்கூட்டரில் போனேன். அண்ணன் சவரிமுத்து தையல்காரர். பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று போனில், "மிதிங்க" என்றேன். சவரிமுத்துவின் வலது கை சட்டையோடு மேலே எழுந்தது. "விடுங்க" என்றேன். கை இறங்கியது.

"யாரு வண்டி?" என்றார்.

"உங்க தம்பி வண்டி."

அவர் துணியை நீவிவிட்டுக்கொண்டார். "காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் இப்படித்தான். நாலு சட்டைக்குப் பாக்கெட் தோள்ல ஏறிருச்சு. அவன் எதுக்கு எனக்குக் கை காட்டுறான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

"சரி பண்ணிடறேன்."

"பண்ணிரு தாயி." நான் ஸ்கூட்டரைத் திருப்பும்போது, "இன்னிக்கேவா?" என்றார்.

"வெள்ளிக்கிழமை எஃப்.சி."

"அப்பப் பண்ணிரு."

பேட்டரிக்குக் கீழே எர்த் பட்டை சேஸில் சேரும் இடம் துருப்பிடித்துப் பொரிந்திருந்தது. போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து, புதுப் பட்டை போட்டு, பல் வாஷர் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். ஹெட்லைட் மங்கவில்லை. வைப்பர் படுத்தபடி கிடந்தது. மீட்டரில் முள் அசையவில்லை. சவரிமுத்துவிடம் போனில் கேட்டேன். கை அதுபாட்டுக்கு இருக்கிறது என்றார்.

யாகப்பன் மட்டும் நான்கு முறை பிரேக்கை மிதித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அண்ணன் கடை இருக்கும் திசையையே பார்த்தார்.

அப்போதுதான் கவனித்தேன், பிரேக் விளக்கு எரியவில்லை. பல்பு நன்றாக இருந்தது. ஃபியூஸ், ஸ்விட்ச், வயர் எல்லாம் நன்றாக இருந்தன. இருட்டும் வரை குடைந்தேன். விளக்கு எரியவில்லை, நானும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை கடைக்கு எதிரே யாகப்பனும் நானும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சாவி ஆனில் இருந்தது, வண்டியில் ஆள் இல்லை. பிரேக் விளக்குகள் இரண்டும் எரிந்து அணைந்தன. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு சவரிமுத்துவைக் கூப்பிட்டேன்.

"இப்பக் கையைத் தூக்கினீங்களா?"

"வண்டி வருமேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். வரல. சும்மா தூக்கிப் பார்த்தேன்."

ஆறு மாதம் ஒரே வழியாகப் போய்வந்த கரண்ட் அந்த வழியை விடாது. திரும்பி வந்த வழியாகவே இப்போது கிளம்பி வருகிறது. இனி அண்ணன் கையைத் தூக்கினால்தான் விளக்கு எரியும் என்று யாகப்பனிடம் சொன்னேன். அவர் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார்.

வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வந்து, பின்னால் நின்று, "பிரேக்" என்றார்.

யாகப்பன் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் நம்பர் அதில் பதினோரு வருடமாகக் கூப்பிடாமலே இருந்தது. "நான் பேசட்டுமா?" என்றேன். வேண்டாமென்று தலையசைத்தார். ஆய்வாளர் மறுபடி, "பிரேக்" என்றார்.

யாகப்பன் நம்பரை அழுத்தினார். "அண்ணே," என்றார். "அண்ணே, கையைத் தூக்குங்க."

விளக்கு எரிந்தது.

போனிலிருந்து சவரிமுத்துவின் குரல் எனக்கே கேட்டது. "சாப்ட்டியாடா?"

"இல்லண்ணே. காலைலயே கிளம்பிட்டோம்."

"வெறும் வயித்தோடயா அலையுற? பேரப்பிள்ளைக்கு என்ன வயசு இப்ப?"

"எட்டு முடியப்போகுதுண்ணே."

"அளவு எடுத்து அனுப்பு. சட்டை தைச்சுத் தாரேன்."

அவர்கள் கால் மணி நேரம் பேசினார்கள். கால் மணி நேரமும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பின்னால் வரிசையில் நின்ற ஒரு டிராக்டர்காரர் என்ஜினை அணைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கியது. துடைக்கப் போய்க் கன்னமெல்லாம் கிரீஸ் ஆனது.

விளக்கு அணைந்ததும் ஆய்வாளர் படிவத்தை எடுத்தார். "அண்ணன் முழுப் பேரு?"

"ஞா. சவரிமுத்து, டெய்லர்."

"வண்டி விவரத்துல சேர்க்கணும். கை ஒரு வருசத்துக்குச் செல்லும், அடுத்த வருசம் புதுப்பிச்சுக்குங்க. பேரை எதுக்குக் கீழே போட?"

யாகப்பன் வண்டியை விட்டு இறங்கி வந்தார்.

"கீழே வேணாம் சார். எல்லாத்துக்கும் மேல போடுங்க."

ஆய்வாளர் சவரிமுத்துவை முதல் வரியில் எழுதி, என்ஜின் நம்பரை ஒரு வரி கீழே இறக்கினார்.