திண்டுக் கடையும் திறந்த மூலமும்

முன்னறையில் நான் இருக்கைத் திண்டுகள் தைக்கிறேன். அந்த அறையின் மேல் என் கொழுந்தனுக்கு ஒரு கண். இந்த மாதமும் ஆர்டர் வராவிட்டால் அறை தம்பிக்கே என்று என் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆர்டர் வர இணையதளம் வேண்டும். அதைச் செய்து தர வேண்டியவனோ அதே கொழுந்தன். கதை எப்படிப் போகிறது பாருங்கள்!

கேட்கும்போதெல்லாம், "அதெல்லாம் பெரிய கோடிங் வேலை அண்ணி, உங்களுக்குப் புரியாது" என்று கையை விரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நானே தேடினேன். 'ஓப்பன் சோர்ஸ்' என்று இலவச மென்பொருள் ஒன்று கிடைத்தது. யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாமாம். படத்துக்கு ஒரு துண்டு, தொலைபேசி எண்ணுக்கு ஒரு துண்டு என்று தனித்தனியாக இருந்தது. வேண்டியதை எடுத்து ஒட்டுப்போட்டால் தளம் தயார். ஒட்டுப்போட எனக்கா தெரியாது?

இனாமாகக் கொடுத்த புண்ணியவான்களுக்கு நன்றி சொல்லாமல் இருப்பது அழகில்லை. ஓப்பன் சோர்ஸுக்குத் தமிழ் தேடிப் பிடித்து, திண்டுப் படத்தின் கீழே கொட்டை எழுத்தில் போட்டேன்: 'இந்தக் கடை திறந்தது திறந்த மூலத்தின் புண்ணியத்தால்!'

மறுநாள் கொழுந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தான். "அண்ணி, உக்கார்ற திண்டுக்குக் கீழ மூலம்னு போட்டிருக்கீங்களே! ஊரே சிரிக்கப் போகுது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மானம் போயிற்று, அறையும் போயிற்று. அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தொலைபேசி அடித்தது.

"அம்மா... அந்தத் தொந்தரவு இருக்கறவங்க உங்க திண்டுல உக்காரலாமா?" என்று தயங்கித் தயங்கி ஒரு குரல்.

ஒரு நொடிதான் யோசித்தேன். "தாராளமா உக்காரலாம். நடுவுல குழி வச்சுத் தைச்சுத் தரேன்."

வைத்ததும் மறுபடி அடித்தது. வாய்விட்டுச் சொல்லக் கூசும் வியாதிக்கு ஊரில் இத்தனை பேரா! தையல் மெஷினுக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்த வரியை நான் அழிக்கவில்லை. வீட்டுக்காரர் அறைப் பேச்சையே எடுப்பதில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

நேற்று கொழுந்தன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"அறை உங்களுக்கே இருக்கட்டும் அண்ணி."

"சரி. அப்புறம்?"

"எனக்கும் ஒண்ணு... அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

டேப்பை எடுத்தேன்.

"திரும்பி நில்லு தம்பி, அளவெடுக்கணும். உன்னோடது திறந்ததா, மூடினதா?"