அக்கா வீடு

கொமோடோ தீவில் பிறந்து, வருகிறவர்களுக்கெல்லாம் ராட்சதப் பல்லி காட்டியே வயதாகிவிட்ட இஷாகாவுக்கு அன்று ரத்தம் கொதித்தது.

"பல்லிங்க நிம்மதியா இருக்கணும்னா உங்க ஊரைக் காலி பண்ணணும்," என்றார் ஜகார்த்தா அதிகாரி, அவனுடைய கவைக்கோலுக்குப் பின்னால் பத்திரமாக நடந்துகொண்டே.

"அது பல்லி இல்ல சார், எங்க அக்கா. ஆதியில எங்க மூதாதையோட ஒரே வயித்துல இரட்டையாப் பொறந்தவ. எங்க தாத்தன் மான் அடிச்சா, அவ பங்கை வச்சிட்டுத்தான் வீட்டுக்கே வருவான்."

"சும்மா கதை விடாதய்யா!"

புதரிலிருந்து பத்தடிப் பல்லி ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டு நேரே அதிகாரியிடம் வந்தது. அவர் இஷாகாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

இஷாகா கோலைக் குறுக்கே ஊன்றினான். "போக்கா, விருந்தாளி." அது மெல்லத் திரும்பிப் போயிற்று.

"சட்டையை விடுங்க சார். யார் காலி பண்ணணும்னு அக்காவே நேர்ல வந்து சொல்லிட்டா. படகு அந்தப் பக்கம் நிக்குது."